சார்ஜ் இல்ல, அப்புறம் பேசறேன்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பெரிய பொய் இல்லை. தலைப்பில் இருக்கிறதே, அதுதான். முகத்தைச் சுளிக்காதீர்கள், நீங்களும் சொல்லியிருப்பீர்கள். இந்த வாரமே சொல்லியிருப்பீர்கள்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் ஒண்டிக்கட்டையாகக் குடியிருந்த பட்டாபியின் மொபைலில் பாட்டரி பழசாகிவிட்டது. அதனால் தங்கையின் அழைப்புகளை அவனால்—"

'அதனால்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அந்தச் சொல் பொய். பட்டாபி என்ற பெயரும் பொய். என் பெயர் முத்துகிருஷ்ணன். திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த மத்திய அரசு ஊழியன். ஒண்டிக்கட்டையும் லேக் மார்க்கெட்டும் பழைய பாட்டரியும் மட்டும் உண்மை.

2

தங்கை வித்யாலட்சுமி. இதே ஊரின் மறுகோடியில், நியூ டவுனில் பதினேழாவது மாடியில் இருக்கிறாள். கணவன் அனந்துக்கு ஐ.டி. கம்பெனியில் நல்ல உத்தியோகம். மகள் அக்ஷராவுக்கு ஏழு வயது, தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசும்.

அனந்த் கை நீட்டுவான். இதை அலங்காரமாக எழுதிப் பார்த்தேன், அசிங்கமாக இருந்தது. அடிப்பான்.

அடி விழுந்த மறுநாள் வித்யா எனக்குப் போன் செய்வாள். முதல் வருடம் கேட்டேன். இரண்டாவது வருடம், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றேன். மூன்றாவது வருடம் அவள் பெயர் திரையில் வந்தாலே விரல் சிவப்புப் பொத்தானுக்குப் போகும். கட் செய்துவிட்டு, சார்ஜ் இல்ல என்று ஒரு மெசேஜ் தட்டிவிடுவேன். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நான்.

பாட்டரியும் எனக்கு ஒத்துழைத்தது. ஹெல்த் எழுபத்தொரு சதவீதம் என்று காட்டியது. ரிப்பேர் கடை முகமது ரபீக், "மாத்திடுங்க சார், அரை மணி நேர வேலை" என்றார். மாற்றவில்லை. நல்ல பாட்டரியை வைத்துக்கொண்டு என்ன சொல்லித் தப்பிப்பது?

வித்யா நம்பினாள். (நம்பினாள் என்று நான் நம்பினேன்.) அவள் அனுப்பிய மெசேஜ் இன்னும் இருக்கிறது. "அண்ணா, இருபதுக்குக் கீழ போக விடாதே. எண்பது வந்ததும் எடுத்துடு. ராத்திரி முழுக்கச் சொருகி வைக்காதே. கவரைக் கழட்டிட்டு சார்ஜ் போடு, சூடானா பாட்டரி சீக்கிரம் போயிடும்." என் பிறந்தநாளுக்குப் பவர் பேங்க் ஒன்று வாங்கித் தந்தாள். அது பெட்டி பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: கன்னம் வீங்கிய ஒருத்தி, அண்ணனின் போன் சூடாகக்கூடாது என்று தேடிப் படித்துச் சொல்கிறாள். இந்த இடத்தில் வாசகர் கண் கலங்குவார் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். எழுதுகிறவன் புத்தி இவ்வளவுதான்.]

3

இனி அந்தச் சனிக்கிழமை. முதல் பிரதி:

சாயங்காலம் நாலு மணி. வித்யா ஒரு துணிப்பையும் அக்ஷராவுமாக என் வீட்டுக்கு வந்தாள். அவனை விட்டு வந்துவிட்டாள். என் வீடு பூட்டியிருந்தது. போன் செய்தாள். பழைய பாட்டரி அல்லவா, பதினான்கு சதவீதம் இருக்கும்போதே பட்டென்று அணைந்துவிட்டது. நான் நாலு நிமிட நடையில் ஒரு டிபன் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒன்றரை மணி நேரம் மாடிப்படியில் காத்திருந்தாள். எதிர்வீட்டு பௌதி டீ கொடுத்தாள். (இங்கே அக்கம்பக்கத்து அண்ணிகள் எல்லோரும் பௌதிதான்.) பிறகு வித்யா குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி, அதே பதினேழாவது மாடிக்குத் திரும்பிப் போனாள்.

கச்சிதமான பிரதி. விதி இருக்கிறது, பாட்டரி இருக்கிறது, யார் மேலும் பழி இல்லை. இதைத்தான் பௌதியிடம் சொன்னேன். வித்யாவிடமும் சொல்வதாக இருந்தேன்.

4

சொல்லவும் செய்தேன். துர்கா பூஜை முடிந்து, விஜயா என்று இங்கே எல்லோரும் உறவுக்காரர் வீடுகளுக்கு வாழ்த்துச் சொல்லப் போகிற நாட்களில், சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு நியூ டவுன் போனேன். அனந்த், "வாங்க மச்சான்" என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு டி.வி.க்குத் திரும்பினான். நான் சமையலறைக்குப் போனேன்.

"அன்னிக்கு போன் செத்துப்போச்சு வித்யா. பழைய பாட்டரி..."

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"செத்துப்போனா, சுவிட்ச் ஆஃப்னு ஒரு பொண்ணு பெங்காலில சொல்லும்ண்ணா. ரெண்டு ரிங் போயி கட்டாச்சுன்னா அது நீ."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொதல் தடவையிலேர்ந்து."

"அப்புறம் எதுக்குப் பவர் பேங்க் வாங்கிக் கொடுத்தே?"

"சொல்றதுக்குக் காரணம் இல்லாம போனா எடுப்பியோன்னு பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசு. அவருக்குக் கேக்கும்."

5

ஆகவே, மூன்றாவது பகுதியில் 'பட்டென்று அணைந்துவிட்டது' என்ற இடத்தை அடித்துவிடுங்கள். போனில் அறுபத்து நாலு சதவீதம் இருந்தது. இரண்டு ரிங் போனது. அவள் பெயரைப் பார்த்தேன். சிவப்பைத் தொட்டேன். வழக்கமான மெசேஜை அனுப்பினேன். அடுத்த மூன்று தடவையும் கட்தான்.

டிபன் கடை மேசையில் அப்போது நான் திருத்திக்கொண்டிருந்தது ஒரு கதை. புகுந்த வீட்டில் அடி வாங்கும் பெண்ணைப் பற்றியது. சிரிக்க வேண்டுமானால் சிரியுங்கள். அந்தக் கதை அச்சில் வந்து இரண்டு பேர் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். எனக்கு என்னைக் கண்டால் குமட்டுகிறது.

6

இந்தக் கதைக்கு வேறு முடிவுகள் யோசித்தேன்.

(அ) அண்ணன் மனம் திருந்தி, நியூ டவுனுக்கு ஓடிப்போய்த் தங்கையையும் குழந்தையையும் கூட்டி வருகிறான். இதற்கு எவனாவது ஓட வேண்டும்.

(ஆ) அவளே இன்னொரு தடவை துணிப்பையைத் தூக்குகிறாள். இந்த முறை யாருக்கும் போன் செய்யாமல். இது அழகான முடிவு. அவளை இரண்டாவது தடவையும் தனியாக அனுப்பிவிட்டு அதற்கு அழகு என்று பெயர் வைக்கிறேன்.

(இ) பதினேழாவது மாடியிலிருந்து

இல்லை. இதை எழுத மாட்டேன்.

7

பாட்டரி மாற்றிவிட்டேன். ஹெல்த் நூறு. இருபதுக்குக் கீழே விடுவதில்லை, எண்பதுக்கு மேலே ஏற்றுவதில்லை, கவரைக் கழட்டித்தான் சொருகுகிறேன். அவள் சொன்ன அத்தனையும் செய்கிறேன். விஜயாவுக்குப் பிறகு அவள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

இன்று மத்தியானம் நான் கூப்பிட்டேன். இரண்டு ரிங் போய்க் கட்டானது. உடனே மெசேஜ் வந்தது.

"சார்ஜ் இல்ல, அப்புறம் பேசறேன்."

என் வாக்கியம், எழுத்து மாறாமல். வித்யா அனுப்பியிருந்தால் எனக்கு அது வேண்டும், செருப்படி என்று வாங்கிக்கொள்வேன். ஆனால் அவள் எனக்கு அனுப்பிய எந்த மெசேஜும் 'அண்ணா' இல்லாமல் இருந்ததில்லை. கோபத்தில் விட்டுவிட்டாளா? அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கியவன், பழைய மெசேஜ்களைப் பார்த்து அனுப்பினானா?

முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நீங்கள் என்ன செய்வீர்கள்? நியூ டவுனுக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். மெசேஜ் வந்தது இரண்டு மணிக்கு. இப்போது நாலே கால். இந்த இரண்டே கால் மணி நேரமும் நான் இதை எழுதிக்கொண்டிருந்தேன். முதல் பகுதியில் 'பேனா நின்றுவிட்டது' என்றேனே, அப்போதே எழுந்திருந்தால் போய்ச் சேர்ந்திருக்கலாம். பாட்டரிதான் புதுசாகிவிட்டது, இனி எனக்குச் சாக்குச் சொல்ல இந்தக் கதைதான் இருக்கிறது.

போன் எண்பது காட்டுகிறது. வயரைப் பிடுங்கிவிட்டேன். சட்டை போட்டிருக்கிறேன். செருப்பு வாசலில் இருக்கிறது. இந்த ஒரு வரியை மட்டும் முடித்துவிட்டு