எதிர்த்துப் பேச ஆளில்லை

விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் துணி வெளுத்துத் தரும் சலவைக்கூடம் அவளுடையது. கணவன் போன பிறகு பன்னிரண்டு வருஷமாக ஒண்டியாக நடத்திவந்தாள். பிள்ளை குட்டி இல்லை. வேலைக்கு ஆறு பேர். எல்லோருக்கும் அவள் 'அக்கா'. மதியம் துணி பிரிக்கிற நீள மேசையைத் துடைத்துவிட்டு ஏழு பேரும் அதிலேயே சாப்பிடுவார்கள். துணி பிரிப்பவளுக்கு வாயாடி என்றே பெயர். "அக்கா, நீங்க வாங்கின சோப்புத்தூள் அழுக்குக்குத் துணைக்கு ஆள் சேர்க்குது" என்பாள். அக்காவும் பதிலுக்கு விடமாட்டாள். வீட்டில் பேச ஆளில்லாதவளுக்கு அந்த அரைமணி நேரம்தான் சாப்பாடே.

தலைவலி இஸ்திரிக்காரனால் வந்தது. துணி தேய்க்கும் சூடான உருளையை ஓடவிட்டுவிட்டுப் புகைபிடிக்கப் போய்விடுவான். மூன்று தடவை கண்டித்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நான்காவது தடவை, மடிப்பு போடுகிற பெண்ணின் உள்ளங்கை உருளையில் பட்டு வெந்துபோனது. அவனை நீக்கக் கடிதம், விளக்கம், விசாரணை என்று எட்டு மாதம் ஆகும் என்றார் வக்கீல்.

அப்போதுதான், சின்னத் தொழில்களில் ஒரு மாத அறிவிப்போடு, காரணம் சொல்லாமலே ஆளை நீக்கலாம் என்று புதுச் சட்டம் வரப்போவதாகப் பேச்சு. கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். அவளும் போய்ப் பேசினாள்.

"வெந்துபோனது ஒரு பொண்ணோட கை. அவளுக்கு வலி அன்னைக்கே வந்துடுச்சு. அதுக்குக் காரணமானவனை அனுப்ப எனக்கு எட்டு மாசம். இது என்ன நியாயம்?"

கைத்தட்டல் அடங்கியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து எழுந்தவன் அவளுடைய தம்பி. பேருந்து ஓட்டுநர், சங்கத்துக்காரன்.

"எங்க அக்கா சொன்னது உண்மை. அந்தாளை அனுப்பட்டும். ஆனா காரணமே சொல்ல வேண்டாம்னு ஆயிட்டா, மூஞ்சி பிடிக்கலைன்னாலும் அனுப்பலாம். எங்க அக்கா அப்படிச் செய்யமாட்டாங்க. சட்டத்தை எங்க அக்காவுக்கு மட்டும் எழுதறதில்லையே."

வெளியே படியில் அவனைப் பிடித்தாள். "சபையில என்னை விட்டுக்கொடுத்துட்டியேடா."

"நல்லவங்கன்னுதானேக்கா சொன்னேன்" என்றான் அவன்.

சட்டம் வந்தது. அந்த வாரமே இஸ்திரிக்காரனிடம் கடிதத்தை நீட்டினாள். அவன் இரண்டு தடவை படித்தான்.

"காரணம் போடலீங்களே, அக்கா."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். போட்டிருக்கலாம். போற இடத்துல வேற என்னமோன்னு நெனைப்பாங்க."

அறிவிப்புக் காலம் முழுக்க அவன் உருளையை விட்டு ஓரடி நகரவில்லை. கடைசி நாள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான்.

அவள் செய்ததைத் தப்பென்று ஒருவரும் சொல்லவில்லை. கை வெந்தவள் நிம்மதியாகத்தான் இருந்தாள். ஆனால் 'அக்கா' மெல்ல மெல்ல 'மேடம்' ஆயிற்று. எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்." சோப்புத்தூளை மாற்றினாள், வேண்டுமென்றே மட்டமானதாக. வாயாடி வாயைத் திறக்கவில்லை. மேசையில் அவளுக்கு இரண்டு ஆள் உட்காரும் இடம் விட்டார்கள். அவள் வந்ததும் பேச்சு பாதியில் நின்றது.

ஒருநாள் உலர்த்தும் இயந்திரம் புகைந்து, மருத்துவமனைத் துணி ஒரு மூட்டை கருகியது.

"முன்னாடியே சத்தம் கித்தம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. பத்து நாளா" என்றாள் வாயாடி.

"ஏன் சொல்லல?"

அதற்கும் வாயாடிதான் சொன்னாள். "யார் ஓட்டினப்போ கெட்டுச்சுன்னு கேள்வி வருமேன்னு இருந்துட்டோம், மேடம்."

அன்றைக்கே ஒரு தாளில் எழுதினாள்: காரணம் சொல்லாமல், அவர்கள் பக்கத்தைக் கேட்காமல் யாரையும் நீக்கமாட்டேன். கையெழுத்துப் போட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினாள். வாயாடி நின்று படித்தாள்.

"நல்லா இருக்குங்க."

"அவ்வளவுதானா?"

"எழுதின கையே கிழிச்சும் போடலாம். கோவிச்சுக்காதீங்க மேடம்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு காதில் விழுந்த எதிர்ப்பேச்சு அது. இன்னும் நாலு வார்த்தை வராதா என்று நின்றாள். வாயாடி துணிமூட்டையை அவிழ்க்கக் குனிந்துவிட்டாள்.

அறைக்குள் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.

"அவனை அனுப்பினது சரிதானேடா?"

"நான் தப்புன்னு எப்பக்கா சொன்னேன்?"

"பின்ன ஏன் இப்படி இருக்கு?"

போனில் தம்பிக்குப் பின்னால் பேருந்து மணி அடித்தது.

"ஞாயித்துக்கிழமை வரேன்கா. இப்ப வண்டி எடுக்கணும்."

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு பேர் ஒரு போர்வையின் நான்கு முனைகளைப் பிடித்து, நெருங்கி வந்து மடித்து, மறுபடி விலகிப் போனார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, மற்றவள் சிரித்தாள். அவள் கதவைத் திறக்க எழுந்தாள். திறந்தால் சிரிப்பு நின்றுவிடும். கைப்பிடியைப் பிடித்தபடி உள்ளேயே நின்றாள்.