மூக்கு தெரியக் கூடாது

சாராள் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை கேட்டில் செக்யூரிட்டி. ஹெல்மெட் இல்லாமல் மேனேஜரே வந்தாலும் உள்ளே விடமாட்டாள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் கொரோனா வந்தது.

"வெள்ளையணு குறைஞ்சிருக்கும்மா. யாரையும் கிட்ட சேர்க்காதீங்க" என்றார் டாக்டர்.

சொந்தக்காரர்களுக்கு அது புரிந்தால்தானே! ஊரடங்கு தளர்ந்த முதல் ஞாயிறே பொன்னேரியிலிருந்து அண்ணன் பீட்டர் ஆப்பிள் பையோடு வந்து நின்றார். மாஸ்க் தாடையில் தொங்கியது.

சாராள் ஜன்னலுக்குள்ளிருந்து குரல் கொடுத்தாள். "அங்கியே நில்லுண்ணே. மூக்கு தெரியுது."

"இன்னாம்மா, கூடப் பொறந்தவனையே நிறுத்துற?"

"மேனேஜரையே நிறுத்துனவ நானு. மாஸ்க்க ஏத்திக்கினு அந்த மரத்தாண்ட குந்து."

பீட்டர் முனகிக்கொண்டே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். இருவரும் கத்திக் கத்திப் பேசியதில் தெருவே பேச்சில் சேர்ந்துகொண்டது. ஆளுக்கொரு நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பீட்டர் சின்ன வயதுக் கதைகளை எடுத்துவிட, சாராளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மறுவாரம் ரத்தப் பரிசோதனையில் அணுக்கள் ஏறியிருந்தன. "அடுத்த கீமோ போட்டுரலாம்" என்றார் டாக்டர். முடி கொட்டிய தலையில் பூப்போட்ட துண்டைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் போல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள் சாராள்.