நெல்லுக்கு ஒதுங்கிய வேன்

...சாலை நேராகப் போனால் ஸ்டியரிங்கும் நேராக நிற்கணும், இது இடது பக்கம் சரிந்து கிடக்கிறது, பத்து நாளாக இப்படியே பிடித்து அவள் கை பழகிவிட்டது, வியாழக்கிழமை மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கும் புருஷன் தமிழ்மாறன் கைக்குப் பழக்கமில்லையே, உட்கார்ந்ததுமே கேட்பான், எவன் இடிச்சது... எவனுமில்லை, நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? பூதலூர் ரயில்வே கேட் பக்கத்துப் பட்டறையில் பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள் எழில்மொழி. அவர்களுடைய பள்ளிக்கூட வேனை ஓட்டிய இராஜாங்கம் மலேசியா போய் நாலு மாதம் ஆகிறது, போகுமுன் அறுத்த வயலில் வைத்து அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான், லைசென்ஸும் எடுத்து இப்போது அவளேதான் ஓட்டுகிறாள், புருஷனுக்கு எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமைதோறும் போனில் இராஜாங்கம் ஒழுங்கா ஓட்டுறானா என்பான், ஓட்டுறான் ஓட்டுறான் என்பாள். போன லீவில் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்த்ததற்கே, நீ வண்டி ஓட்டுறதுக்கா நான் அங்க வெயில்ல வேகுறேன் என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டவன்... வெந்ததும் பொய்யில்லை, அவன் முதுகைப் பார்த்திருக்கிறாள்.

மெக்கானிக் கிளாட்சன் பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் இழுத்துப் பார்த்தான். பன்னிரண்டு வயதில் அவள் நாற்று நடும்போது வரிசை கோணினால் வரப்பிலிருந்து வசவு விழும், பின்னாடி நடந்தே நேராகப் போனவள், முன்னாடி பார்த்துப் போயும் கோணிவிட்டாள்.

"எதுலக்கா உட்டீங்க?"

"மதகுக் கட்டையில. ரோட்டுல நெல்லு காஞ்சிச்சு, ஒதுங்குனேன்."

"அட, பஸ்ஸு லாரியெல்லாம் அது மேலதான் போவுது. நெல்லுக்கு வழிவிட்டு மதகுல மோதுன டிரைவர் நீங்க ஒரு ஆளுதான்!"

யார் வீட்டு நெல்லோ, அது மேல் வண்டியை ஏற்றக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

"உள்ள சக்கரத்தத் திருப்புற ராடு வளைஞ்சிருக்கு. ஸ்டியரிங்க மட்டும் கழட்டி நேரா மாட்டிடவா? அரை மணி நேரம், அண்ணனுக்குத் தெரியாது. சக்கரம் கோணலாத்தான் ஓடும், டயரத் தின்னுடும். ராடு மாத்தி ரெண்டு சக்கரத்தையும் நூலுக்கு நிறுத்துனா சுத்தம். ஆனா புது ராடு பளபளன்னு நிக்கும், அண்ணன் குனிஞ்சாருன்னா மாட்டிக்குவீங்க."

குனியாமல் இருப்பானா, நாலு சக்கரத்தையும் சுற்றிவராமல் சோறு தின்னமாட்டான்... ஆனால் தினமும் காலையில் பதினோரு பிள்ளைகள், ஆற்றங்கரை வழி...

"சக்கரத்தச் சரி பண்ணு தம்பி."

"அப்ப வியாழக்கெழம?"

"நீ பண்ணு."

மதியம் ஓட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங் நடுவில் நின்றது, வண்டி நூல் பிடித்தாற்போல் போனது, அவள் கைதான் இன்னும் இடது பக்கமே இழுத்தது. வாய்க்கால் ஓரம் நிறுத்தினாள். அப்போதுதான் தெரிந்தது, சீட்டு... முன்னாடி கடைசிவரை இழுத்துக் கிடக்கிறது, நெட்டையன் இராஜாங்கம் ஓட்டும் வண்டியில் முழங்கால் இடிக்கிற மாதிரி யார் சீட்டு போடுவார்கள், ராடைப் பார்க்கப் புருஷன் குனியவே வேண்டாமே, ஏறி உட்கார்ந்தால் போதும்... பின்னாடி தள்ளிவிடலாம், ஒரு நிமிஷ வேலை, ஆனால் கிளட்சுக்குக் கால் எட்டாது, வீடு போய்த் தள்ளிக்கொள்ளலாம், வியாழக்கிழமை தள்ளிக்கொள்ளலாம், வெள்ளிக்கிழமை காலையில் பதினோரு பிள்ளைகளும் வந்து நிற்குமே, அப்போது இழுத்துப்போட்டு உட்காரப்போவது யார்... சீட்டுக்கு அடியில் லீவரைப் பிடித்த கை அப்படியே இருந்தது.