இடப்பக்கத்துக் கீறல்கள்

நான் சோபா விற்கிறவன். உட்காருவதற்கென்றே செய்த பொருளை, உட்கார்ந்தால் கெட்டுப்போகும் என்று பயமுறுத்தி, மேலே போட ஒரு பிளாஸ்டிக் உறையையும் சேர்த்துத் தலையில் கட்டுவது என் பிழைப்பு. வாங்கிப் போகிறவர்கள் அந்த உறையை எடுப்பதே இல்லை. வருஷக்கணக்கில் அதன்மேல் வழுக்கி வழுக்கி உட்கார்ந்துவிட்டு, சோபா இன்னும் புதுசாகவே இருக்கிறது என்று என்னிடமே வந்து பெருமையடிப்பார்கள். அவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருக்கும். அடுத்த வாடிக்கையாளர் வருகிறவரைக்கும்.

கார் பெயிண்டின் மேல் ஒட்டுகிற ஃபிலிம் ஒன்று வந்திருக்கிறது, போடலாமா வேண்டாமா என்று கேட்டு அண்ணன் போன் செய்தபோது, நான் போனைக் காதிலிருந்து எடுத்து, பேசுவது அண்ணன்தானா என்று பெயரை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அவர் என்னிடம் யோசனை கேட்கிற ஆள் இல்லை. என் கல்யாணத்துக்குக்கூட என்னைக் கேட்காமல்தான் தேதி குறித்தார்.

"உறை விக்கிறவன்தானே நீ. கடைக்காரன் கதை விட்டா உனக்குத்தான் தெரியும். வா."

"அண்ணே, கதை விடுறவனை இன்னொரு கதை விடுறவன் காட்டிக் கொடுக்க மாட்டான். தொழில் தர்மம்."

"காலையில வந்துடு" என்று வைத்துவிட்டார்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீடு உயரத்துக்கு இருக்கும் இரும்புப் பெட்டியைக் கப்பலிலிருந்து தூக்கி, தூங்குகிற குழந்தையைப் படுக்கவைப்பது போல லாரிமேல் இறக்குவார். கீழே நிற்கிறவன் கையைக் காட்டி வழி சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "எனக்குக் கண்ணு இருக்கு" என்பார். ஓய்வு பெற்ற கையோடு வாங்கியதுதான் அந்தக் கருநீலக் கார். அதற்கு அவர் கொடுத்த மரியாதையில் பாதி எனக்குக் கொடுத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

நான் போனபோது கார்க் கொட்டகையில் அண்ணி ஈரத்துணியும் வாளியுமாகக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க வாங்க" என்று அண்ணி தாழ்ந்த குரலில் கூப்பிட்டார். "கையைக் கொடுங்க."

என் விரலைப் பிடித்து, இடப்பக்கம் முன்சக்கரத்துக்கு மேலே இருந்த வளைவில் வைத்து மெல்ல இழுத்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்கு ஒரு மேடு தட்டுப்பட்டது.

"பெயிண்ட் பேனா ஒண்ணு வாங்கி வச்சிருக்கார். விடியறதுக்குள்ள எந்திரிச்சு வந்து கீறல் மேல பூசிடுறார். நான் தினமும் துடைக்கிறேன்ல, தடவினா தெரிஞ்சுடும். எல்லாமே இந்தப் பக்கம்தான். வலப்பக்கம் ஒண்ணுகூட இல்ல."

"வயசாகுதில்ல அண்ணி. எனக்கெல்லாம் நாலு பக்கமும் இருக்கு."

"இதுல விளையாடாதீங்க." அண்ணி வாளிக்குள் துணியைப் போட்டார். "இடப்பக்கம் அவருக்குக் கண்ணு தெரியல. சாப்பிடும்போது இடது கைப்பக்கம் தண்ணி வச்சா தட்டி விட்டுடுறார். ஏன்னு கேட்டா, வாசல் கேட்டு நகர்ந்துடுச்சு, தூணு வெளிய தள்ளி நிக்குதுன்னு சொல்றார். டாக்டர்கிட்ட வாங்கன்னா சாப்பாட்டுல கோபத்தைக் காட்டுறார். அந்தக் கார்லதான் மேனேஜர் தினமும் ஸ்கூலுக்குப் போறா."

மேனேஜர் என்பது அவர்களுடைய பேத்தி. ஒன்றாம் வகுப்பு. வீட்டில் எல்லோரையும் அதிகாரம் செய்வதால் நான் கொடுத்த பதவி அது. அவளுடைய அம்மா, அண்ணன் மகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை வேலைக்கு விடிகிறதற்கு முன்பே போய்விடுவாள். அப்பா கப்பலில். ஆக, தாத்தாவும் காரும்தான்.

"பின்னாடி சீட்டுல எந்தப் பக்கம் உட்காருவா தெரியுமா?" என்றார் அண்ணி.

எந்தப் பக்கம் என்பது அவர் முகத்திலேயே இருந்தது.

"அந்த ஃபிலிமைப் போட்டா, கீறல் விழுந்தாலும் வெயில் பட்டுத் தானா மறைஞ்சுடுமாம். போன வாரம் அந்தக் கடைப் பையன் போன்ல சொன்னதை நானே கேட்டேன். அப்புறம் எனக்கு எப்படித் தம்பி தெரியும்? வேண்டாம்னு நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா சண்டையாயிடும். நீங்க சொன்னா சிரிச்சுக்கிட்டே ஏதாவது சொல்லி முடிச்சுடுவீங்க."

முடிச்சுடுவேன் என்று தலையாட்டினேன். சிரிப்புக் காட்டுகிறவன் மேல் மற்றவர்கள் வைக்கிற நம்பிக்கை இருக்கிறதே, அது மிகவும் ஆபத்தானது.

அண்ணன்தான் ஓட்டினார். நான் இடது பக்கம், அவருக்குப் பக்கத்தில். முதுகு வளையாமல், கண்ணாடியில் ஒரு கண்ணும் தெருவில் ஒரு கண்ணுமாக, எப்போதும் போலத்தான் ஓட்டினார். எனக்கே சந்தேகம் வந்தது. அண்ணிதான் இல்லாததைக் கற்பனை செய்கிறாரோ?

மருந்துக்கடைத் திருப்பத்தில் சைக்கிளில் ஒரு பெண் இடப்பக்கமாக வந்தாள். முன்னால் கூடை, கூடையில் பை. வண்டி அவளை நோக்கிச் சாய்ந்துகொண்டே போனது. அண்ணன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"அண்ணே" என்றேன்.

பிரேக் அடித்தார். அந்தப் பெண் ஒரு காலை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தாள். அவள் வாய் அசைந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் என்ன வசவு என்று கேட்கவில்லை.

"பார்த்தேன்" என்றார் அண்ணன்.

அவர் பார்க்கவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "அவங்கதான் நம்மளை இன்னும் நல்லாப் பார்த்தாங்க" என்று ஒரு மொக்கை ஜோக்கை அடித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை.

ஃபிலிம் கடை ஒரு பெரிய கூடாரம் போல இருந்தது. கூரை முழுக்கக் குழல் விளக்குகள். அந்த வெளிச்சத்தில் என் சட்டையில் இருந்த பழைய காபிக் கறைகூடப் பளிச்சென்று தெரிந்தது. கடைக்காரர் என்னைவிடப் பெரிய வாயாடி.

"சார், பெயிண்ட்ங்கிறது தோலு. ஃபிலிம்ங்கிறது சட்டை. சட்டையில்லாம ரோட்ல போவீங்களா?"

"சட்டைக்கு மேல இன்னொரு சட்டை விப்பீங்களா?" என்றேன்.

"அதுக்கும் இருக்கு சார், செராமிக் கோட்டிங்" என்று சளைக்காமல் சொன்னார்.

வேலைக்காரர் ஒருவர் காரைக் கழுவித் துடைத்தார். ஃபிலிம் ஒட்டும் முன்பு, ஏற்கெனவே இருக்கிற கீறல்களை எல்லாம் அடையாளம் வைத்து, பாலிஷ் போட்டு எடுக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அடியில் அப்படியே மாட்டிக்கொள்ளும். அவர் கையில் மஞ்சள் காகித டேப் ஒரு சுருள். காரின் வலப்பக்கம் முழுக்க நடந்து வந்தார். ஒன்றும் ஒட்டவில்லை. பின்பக்கம் ஒரு சின்னத் துண்டு. பிறகு இடப்பக்கம் போனார்.

டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. முன்சக்கர வளைவில், கண்ணாடிக்குக் கீழே, முன்கதவில், பின்கதவில், கைப்பிடியைச் சுற்றி. மஞ்சள் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வீட்டுக் கொட்டகையில் வழவழவென்று இருந்த அதே கதவுதான். பேனா மை பூசிய இடமெல்லாம் அந்த விளக்குகளில் தழும்பு மாதிரி எழுந்து நின்றது.

அண்ணன் சுற்றி நடந்து வந்து, அந்தப் பக்கத்தின் முன் நின்றார்.

"வீட்ல யாராவது புதுசா வண்டி கத்துக்கறாங்களா சார்?" என்றார் கடைக்காரர், கேலியில்லாமல்தான்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "இவன்தான். என் தம்பி. எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது."

காரில் சொன்ன அந்தப் 'பார்த்தேனை' விட்டுவிட்டால், வாழ்நாளில் என் அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் அந்த இலாகா என்னுடையது. அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்பதால் குரல் ஒருமாதிரி பிசிறியது.

"ஆமாங்க, நான்தான்" என்றேன். "எனக்கு இடது வலது குழப்பம். செருப்பையே மாத்திப் போடுற ஆளு."

"அப்போ உங்க வீட்டுக்குத்தான் சார் இது." கடைக்காரர் ஃபிலிம் ஒட்டிய ஒரு தகட்டை எடுத்துவந்தார். பித்தளைப் பிரஷ்ஷால் பரபரவென்று கீறினார். பார்க்கவே பல் கூசியது. பிறகு கெண்டியிலிருந்து வெந்நீரை ஊற்றினார். கீறல்கள் மெல்ல மெல்லக் கரைந்து, ஒன்றுமே நடக்காதது போல ஆனது.

அண்ணன் குனிந்து தகட்டை வெகுநேரம் பார்த்தார். "எதுவுமே தெரியாதா?"

"லேசான கீறல் எதுவும் தெரியாது சார்."

"தடவிப் பார்த்தா?"

"விரலுக்குக்கூடத் தட்டாது சார்."

அந்தக் கேள்வியைக் கார் வாங்கியவர் யாரும் கேட்க மாட்டார். அண்ணி தடவுவது இவருக்குத் தெரிந்திருக்கிறது.

"போட்டுடலாம்" என்றார் அண்ணன்.

"வேண்டாம்ணே."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. டேப் ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கடைக்காரர் பேரம் என்று நினைத்து, "உட்கார்ந்து பேசலாம் சார்" என்றார். நான் அண்ணன் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தேன். காலி டப்பாக்கள் அடுக்கியிருந்த ஓரத்தில் நின்றோம். நான் தயார் செய்து வைத்திருந்த ஜோக்கு ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அண்ணி தினமும் தடவிப் பார்க்கிறாங்கண்ணே."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அதனாலதான்டா." அவர் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துச் சொன்னார். "குளியலறை ஜன்னல்லேர்ந்து கொட்டகை தெரியும். ஒவ்வொரு இடமா விரலை வச்சு வச்சுப் போவா. எங்கயாவது நின்னுடும். அப்படியே நிப்பா. அப்புறம் உள்ள வந்து, ஒண்ணுமே நடக்காத மாதிரி, தோசை எத்தனைன்னு கேட்பா. கத்தினாக்கூடத் தாங்கிக்கலாம்டா. அந்தக் கேள்வியைத் தாங்க முடியல."

"டாக்டர்கிட்ட காட்டலாம்ணே."

"போயாச்சு. தனியாத்தான் போனேன். இருக்கிறதைக் காப்பாத்த மருந்து கொடுத்திருக்காங்க. போனது வராதுன்னுட்டாங்க."

"வண்டி?"

மெதுவாக, "குழந்தை இருக்கும்போது நான் எங்கயும் இடிச்சதில்ல" என்றார். "அவ ஏறிட்டா நான் ஊர்ந்துதான் போவேன்."

"இன்னும் இடிக்கலண்ணே" என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் அந்த வார்த்தையைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. என் அண்ணனை நான் அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. அவர் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஒரு காலி டப்பாவின் மேல் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவோ பெரிய பாரங்களை அலுங்காமல் இறக்கிவைத்த கைகள்.

"நாளைக்கு அவளை யாருடா கூட்டிட்டுப் போறது?"

"நான்தான்."

"நீ கடை திறக்கிறதே மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாடி."

"எந்திரிச்சுக்கிறேன்ணே. மேனேஜருக்குக் கீழ வேலை பார்க்கணும்னா சும்மாவா."

அதற்கு அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். உள்ளே போய்க் கடைக்காரரிடம், "ஃபிலிம் வேண்டாங்க, மன்னிச்சுக்கோங்க. வண்டியை இடிச்சது என் தம்பி இல்ல. நான்தான்" என்றார். கடைக்காரர் முதல் முறையாக வாயடைத்து நின்றார். வேலைக்காரர் டேப்பைப் பிய்க்கக் குனிந்தபோது அண்ணன் தடுத்தார்.

"அது இருக்கட்டும்."

சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு இடது பக்கம் போய்க் கதவைத் திறந்தார். கைப்பிடி கிடைக்க இரண்டு தடவை தடவினார்.

நான் ஓட்டினேன். மஞ்சள் துண்டுகள் காற்றில் படபடக்க, ஏதோ ஊர்வலத்தில் தப்பிவந்த வண்டி மாதிரி போனோம். சிக்னலில் நின்ற ஒரு பையன் கையைக் காட்டிச் சிரித்தான். அண்ணன் "கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டே ஓட்டாதே" என்று மட்டும் வழியில் ஒருமுறை சொன்னார்.

வீட்டில் அண்ணி கேட்டைத் திறந்தார். வண்டி உள்ளே வரும்போது இடப்பக்கம் அவர் பக்கமாகத் திரும்பியது. அவர் கை கேட்டிலேயே நின்றுவிட்டது. நான் என்ஜினை அணைத்தேன். அண்ணன் இறங்கினார்.

"வா" என்றார் அண்ணியிடம். முன்சக்கர வளைவிலிருந்து தொடங்கினார். "இது நம்ம தூணு. நகரல, நான்தான். இது பெட்ரோல் பங்க்ல. இது காய்கறிக் கடை வண்டி, அந்தாளு பாவம், ஒண்ணும் சொல்லல. இது திரும்பவும் தூணு."

அண்ணி ஒவ்வொரு துண்டின் மேலும் விரலை வைத்துக்கொண்டே அவர் கூட நடந்தார். பின்கதவுக்கு வந்தார்கள். கைப்பிடிக்குக் கீழே ஒரு நீளமான துண்டு. அண்ணன் அதைப் பார்த்தார். குனிந்தார். முகத்தை இடப்பக்கம் திருப்பி, தெரிகிற கண்ணால் பார்த்தார்.

"இது எங்கேன்னு தெரியல" என்றார். "எனக்குத் தெரியவே இல்ல."

அண்ணி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சரி, உள்ள வாங்க" என்றார். "நம்ம பொண்ணு டியூட்டி முடிஞ்சு இப்ப வந்துடுவா. அவகிட்ட நீங்களே சொல்லுங்க."

அண்ணன் தலையாட்டினார். படியேறும்போது திரும்பி, "நீயும் இருடா" என்றார் என்னிடம்.

நானும் உள்ளே போனேன்.