லோஜன் போடாத கையெழுத்து

கடிதம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் ஒன்பது நாள் கிடந்த பிறகுதான் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு வந்து சேர்ந்தது. லயத்து வீடுகளுக்கென்று தனித்தனி விலாசமா இருக்கிறது, தபால்காரர் தேடி வந்து கொடுப்பதற்கு? எல்லார் கடிதமும் ஆபீஸ் மேசையில் குவியும். ஞாபகம் வரும்போது கிளாக்கையா கொடுத்தனுப்புவார். லெட்சுமி பிரித்து வாசித்தாள். அவளுடைய குடியுரிமை விண்ணப்பத்தில் கணவர் லோஜனின் கையெழுத்தைப் பற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது, வெள்ளிக்கிழமை கொழும்பில் உள்ள அரசாங்கக் கந்தோருக்கு வரவும் என்று இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்தான் மிச்சம்.

கேட்டுக்கொண்டிருந்த மாமியார் அழகம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அந்தக் கையெழுத்தைப் போட்டதே அவள்தான்.

சத்தியமாக அவளுக்குக் கள்ள எண்ணம் ஒன்றும் கிடையாது. அந்தத் தோட்டத்தில் அது நெடுநாள் வழக்கம். கம்பளி கொடுக்கிறார்களா, கூரைத் தகரத்துக்குப் பெயர் பதிகிறார்களா, வீட்டில் யாருக்குக் கை ஒழிகிறதோ அவர் போய் எல்லாருக்குமாகச் சேர்த்துப் போட்டுவிட்டு வருவார். ஏன் என்று கேட்பாரில்லை. லோஜன் கட்டாருக்குப் போய் ஒன்றரை வருஷமாகிறது. அன்றிலிருந்து அவன் பெயருக்கு அவளே போட்டுக்கொண்டிருந்தாள். உலகத்திலேயே அவளுக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான். மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவன் பள்ளிக்கூடக் கொப்பியைப் பார்த்துப் பார்த்துப் பழகியது.

லெட்சுமி கூடலூர்க்காரி. அவள் தாத்தா இதே லயத்தில் பிறந்து, இரண்டு நாட்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்த காலத்தில் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர். சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று தேடிப்போய்க் கட்டிவந்த பெண். தாத்தாவைப் போ என்று அனுப்பிய நாட்டில், பேத்தி இருக்கட்டுமா என்று மனுப் போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. கூத்தைப் பாருங்கள். இத்தனை நாளும் புருஷன் பொறுப்பில் விசாவை நீட்டி நீட்டி ஓட்டினார்கள். இந்த மாதம் முப்பதோடு அதுவும் முடிகிறது. விண்ணப்பம் தள்ளுபடியானால் அவள் கூடலூருக்கே திரும்பிப் போக வேண்டியதுதான். அதை நினைத்தால் அழகம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகன் இல்லாத வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே ஆள் லெட்சுமிதான்.

போன மாதம் படிவத்தை நிரப்பிக் கொடுத்தவர் மஸ்கெலியா டவுனில் கடை வைத்திருக்கும் ஹமீத் நானா. புருஷன் கையெழுத்து வைக்கும் இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டிவிட்டு, அவர் போட்டோக்கொப்பி எடுக்க உள்ளே போனார்.

"கட்டாருக்கு அனுப்பி வாங்கிருவோம் அத்தை," என்றாள் லெட்சுமி.

"ஒரு கையெழுத்துக்குக் கடல் தாண்டணுமா? குடு இங்க."

அவ்வளவுதான் நடந்தது.

வெள்ளிக்கிழமை விடிகாலை பஸ்ஸில் இரண்டு பேரும் கொழும்புக்குப் புறப்பட்டார்கள். கினிகத்தேனை தாண்டும்போது அழகம்மா மெல்லச் சொன்னாள், "நானே சொல்லிடுறேன் புள்ள."

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க அத்தை. போலீஸ் அது இதுன்னு போனா உங்களுக்குத் தாங்காது. நான் பாத்துக்கிறேன்."

கந்தோரில் விசாரித்தது தமிழ் பேசுகிற ஒரு பெண் அதிகாரி; எல்லாரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். படிவத்தையும் லோஜனின் பாஸ்போர்ட் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"உங்க ஹஸ்பண்ட் போன வருஷமே நாட்ட விட்டுப் போயிட்டார். இதுல போன மாசத் தேதிக்கு சைன் இருக்கு. பாஸ்போர்ட்ல இங்கிலீஷ், இதுல தமிழ். யார் வச்சது?"

லெட்சுமி தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் மிஸ்," என்றாள்.

"பொய்க் கையெழுத்து வச்சவங்களுக்குக் குடியுரிமைக்கு நான் எப்படி சிபாரிசு பண்றது?" மிஸ் கோப்பை இழுத்து எழுதப்போனார்.

அழகம்மா எழுந்துவிட்டாள். "அவ இல்ல மிஸ். நான் போட்டேன். அவ வேணாம்னுதான் சொன்னா."

"மருமகளக் காப்பாத்தப் பாக்கிறீங்க."

"ஒரு பேப்பர் குடுங்க."

நின்றபடியே எழுதினாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் உருண்டை எழுத்தில் லோஜன். மிஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சந்தேகத்துக்கு இடமில்லை. அழகம்மா அதோடு நிறுத்தியிருக்கலாம். நகலில் இருந்த இங்கிலீஷ் கிறுக்கலைத் தொட்டுக் காட்டி, "இதுதான் மிஸ் அவன் கையெழுத்து இல்ல. எம்புள்ள இப்படிப் போட மாட்டான்," என்றாள்.

"அம்மா, அது பாஸ்போர்ட் எடுக்க வந்தப்ப உங்க மகன் வச்சது."

அழகம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மகன் எப்போது கையெழுத்தை மாற்றினான் என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

மிஸ்ஸின் குரல் கொஞ்சம் இறங்கியது. "வெளிநாட்டுல இருக்கிறவர் அங்க உள்ள நம்ம தூதரகத்துக்கு நேர்ல போகணும். அங்க ஆபீசர் பாக்க சைன் வச்சு, சீல் அடிச்சு, அசலத் தபால்ல அனுப்பணும். அவருக்காக வேற யாரும் வைக்க ஏலாது. பெத்த தாயும் ஏலாது. இந்த ஃபோர்ம் இனி செல்லாது. நீங்க நடந்தத வாக்குமூலமாச் சொல்லுங்க. அத வச்சு விசாவ மூணு மாசம் நீட்டக் கேட்டுப் பாக்கிறன்."

சொல்லச் சொல்ல மிஸ்ஸே எழுதினார். முடிவில் தாளைத் திருப்பினார். "கீழ உங்க பேர எழுதுங்க."

அழகம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு தாளைப் பார்த்தாள்.

"அது எழுதத் தெரியாது மிஸ்."

மிஸ் மைப்பெட்டியைத் திறந்து வைத்தார்.

விசா நீண்டது. அழகம்மா அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டாள். லீவு கிடைக்காது, அடுத்த மாசம் பாப்போம் என்று அவன் இழுத்தான்.

"இத்தன நாளு உனக்கு எல்லாத்துலயும் நான் போட்டேன் தம்பி. இதுல என்னால போட முடியாதாம். நீ போடாட்டி அவ போயிருவா. அவ போனா நீ எனக்குப் போன் போடாத."

அவன் அடுத்த வாரமே தூதரகத்துக்குப் போனான். சீல் அடித்த தாள் தபாலில் வந்தது. லெட்சுமி அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கிறுக்கலை அழகம்மா நெடுநேரம் பார்த்தாள், பிடிக்கவில்லை.

குடியுரிமைச் சான்றிதழ் அடுத்த வருஷம் வந்தது. அந்த மார்கழியில் தோட்டத்து ஆபீசில் கம்பளி கொடுத்தார்கள். வீட்டுப் பட்டியலில் முதல் தடவையாக லெட்சுமி என்று இருந்தது. அழகம்மா தன் பெயருக்கு நேரே கட்டைவிரலை வைத்தாள்.

"மருமகளுக்கும் நீங்களே வச்சுருங்க. வரிசை நிக்குது பாருங்க," என்றார் கிளாக்கையா.

"நிக்கட்டும்யா. அவ பேருக்கு அவதான் போடணும். கொழுந்து பறிக்க மலையில இருக்கா, சொல்லி அனுப்பிட்டேன்."

லெட்சுமி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அழகம்மா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.