வெள்ளையில் வெள்ளை

மவுசைப் பிடித்தபடி ஷோபனா கடிகாரத்தைப் பார்த்தாள். சேக்காட்டில் இந்த ஸ்டூடியோவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலாளி கேமராவோடு மண்டபத்துக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு ரியாவின் கல்யாண வரவேற்பு. வாசலில் வைக்க வேண்டிய குடும்பப் படம் இன்னும் மானிட்டரிலேயே இருந்தது.

படத்தில் ரியாவுக்கும் அண்ணன் ரிச்சர்டுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டிருந்தார்கள். பின்னால் பூப்போட்ட திரைச்சீலை. அந்த இடம் போன வருடம் இறந்த அப்பா செபாஸ்டியனுக்கு. தொழிற்சாலை அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில்தான் அவர் முகம் தெளிவாக இருந்தது. வெள்ளைப் பின்னணி, வெள்ளைச் சட்டை.

அவர் படத்தைக் குடும்பப் படத்தின் மேல் இன்னோர் அடுக்காக, லேயராக வைத்து, இரண்டையும் கலக்கும் 'மல்டிப்ளை' கொடுத்தாள். வெள்ளை மறைந்துவிடும் என்று யூடியூபில் சொல்லியிருந்தார்கள். மறைந்தது. பக்கத்தில் ஸ்டூலில் இருந்த செபாஸ்டியனின் மனைவி லூர்தம்மாள் முன்னால் சாய்ந்தாள்.

"இன்னாம்மா, அவரு நெஞ்சுல பூ பூத்துகினு கீது?"

பின்னணியோடு வெள்ளைச் சட்டையும் மறைந்து, திரைச்சீலைப் பூக்கள் தெரிந்தன. அவசரமாக அதற்கு நேரெதிரான, கறுப்பை மறைக்கும் 'ஸ்கிரீன்' கொடுத்தாள். முகம் வெளுத்தது. கறுப்பு முடி இருந்த இடத்தில் திரைச்சீலை தெரிந்தது.

"ஆஸ்பத்திரில இப்டிதான் ஆய்ட்டாரு. மாத்து. சீக்கிரம் மாத்து."

ரிச்சர்ட் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "ஆச்சாக்கா? மாப்ள ஊட்டுக்காரங்க வந்துட்டாங்க. அப்பா இல்லாத படத்தயே குடுங்க, போதும்."

"அப்ப நானும் வர்ல. நீ போடா," என்றாள் லூர்தம்மாள்.

அவன் வெளியே போனான். பைக் ஹாரன் அலறியது.

"தெரியும்னு சொல்லிட்டேம்மா," என்றாள் ஷோபனா. "எனக்கு இதான் மொத தபா."

"பண்ணு. நான் இங்கதான் கீறேன்."

லேயரைப் பழையபடி ஆக்கி, பிரஷ் பட்ட இடத்தை மட்டும் மறைக்கும் மாஸ்க் போட்டு, கறுப்பு பிரஷ்ஷால் பின்னணியை மட்டும் மறைக்கத் தொடங்கினாள். காது மடலில் கை வழுக்கியது. அதைச் சரிசெய்துவிட்டுத் தொடர்ந்தாள். முடி, கழுத்து, ஒரு தோள். அவற்றின் பின்னால் திரைச்சீலை வந்துவிட்டது. அடுத்த தோளில் கை நின்றது. அங்கே வெள்ளையும் வெள்ளையும் ஒட்டிக் கிடந்தன. சட்டை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

லூர்தம்மாள் எழுந்து, மானிட்டரில் விரல் வைத்து, கழுத்திலிருந்து மெதுவாகக் கீழே இழுத்தாள்.

"இப்டி எறங்கும். இந்தத் தோளு கொஞ்சம் தாழ்ந்துகினு இருக்கும்."

விரலுக்குப் பின்னாலேயே பிரஷ் நகர்ந்தது.