சாமான் வரல

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த இருபதாவது நிமிடம் ஜைனுதீன் நானாவின் குடை கராஜ் வாசலில் தெரியும். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குடை உண்டு. மற்றக் கையில் மீன் அடைத்த நாலு பணிஸ் ரொட்டி கொண்ட கடதாசிப் பை. வெள்ளிக்கிழமைகளில் கராஜ்காரர் நோபர்ட் பாஸ் இறைச்சி தின்பதில்லை என்பதால் மீன். இரண்டு சமயத்துக்கும் ஒத்துப்போகிற ஒரே பணிஸ் இதுதான் என்று இருவரும் பேசித் தீர்த்திருந்தார்கள். அன்றைக்கும் குடையைக் கண்டதும் நோபர்ட் அவசரமாக இரண்டு கையிலும் கிரீஸைப் பூசிக்கொண்டார். காலையிலிருந்து லொறியோடு மல்லுக்கட்டிய மனிதனாகத் தெரிய வேண்டுமே. அறுபத்திரண்டு வயதில் அவர் தனக்குச் செய்துகொள்கிற ஒரே அலங்காரம் அது.

“சாமான் வந்திச்சா பாஸ்?”

“வரல நானா.”

“ம்.”

பதினேழு வெள்ளிக்கிழமைகளாக நடக்கிற நாடகம். ஒரு வசனம்கூட மாறியதில்லை.

லொறி எழுபத்தேழாம் ஆண்டுப் பெட்போர்ட். போன வருசம் பல்லேபொலவில் ஜைனுதீனின் தோட்டத்திலிருந்து இன்னொரு லொறியின் முதுகில் ஏறி இரத்தோட்டை ரோட்டிலிருக்கும் இந்தத் தகரக் கொட்டகைக்கு வந்தது. முன் கண்ணாடி வரைக்கும் மிளகுக் கொடி படர்ந்திருந்தது. சாரதி இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியையும் சேர்த்தே ஏற்றிவிட்டிருந்தார்கள். கராஜில் இறக்கியபோது அது எழும்பி நோபர்ட்டை ஒரு தரம் முறைத்துவிட்டு மறுபடி முட்டையின் மேல் உட்கார்ந்தது. மாத்தளையில் தன்னை மதிக்காத முதல் வாடிக்கையாளர் அதுவல்ல என்பதால் நோபர்ட்டும் பொறுத்துக்கொண்டார். குஞ்சு பொரிக்கும்வரை பத்து நாள் முன்பக்கத்தில் கைவைக்காமல் பின் பக்கத்து வேலையைப் பார்த்தார்.

பிறகு ஒவ்வொன்றாக. துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டினார். இன்ஜினை இறக்கிக் கழற்றி, கழுவி, மறுபடி ஏற்றினார். ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் பிளேட்டை மட்டும் வளைவு நெளிவோடு விட்டுவைத்தார். பச்சை அடித்து முடித்ததும் லொறி, கலியாண வீட்டுக்குப் புறப்பட்ட பெரிய மனிதர் மாதிரி நின்றது. ஸ்டார்ட் ஆனது. லைட் எரிந்தது. ஹோர்ன் அடித்தால் எதிர்வீட்டு நாய் எழும்பி நின்றது. பிரேக் மட்டும் இல்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் போகிற நாலு ரப்பர் வளையம், உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள், கொழும்பிலிருந்து வர வேண்டும்.

“ஓடும் நானா, ஆனா நிக்காது,” என்று நோபர்ட் அப்போது சொன்னார். “நான் நிக்கிறேன், ஓடல. எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக் கட்டினா ஒரு நல்ல லொறி வரும்.”

அந்த வளையங்கள் மாசி மாதமே வந்துவிட்டன. வந்த பொட்டலத்தை நோபர்ட் பிரிக்கவும் செய்தார், நல்ல ரப்பர்தானா என்று நகத்தால் அழுத்தியும் பார்த்தார். பிறகு ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு, அந்தோனியார் படத்துக்குக் கீழேயுள்ள தட்டில் சீனி டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். காணாமல் போனதை எல்லாம் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதரின் காலடியில் ஒரு பொருளை ஒளித்து வைத்த கத்தோலிக்கன் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மனைவி லூசியா கண்ணை மூடி ஐந்து வருசம். கராஜுக்கு ஆட்கள் வராமல் இல்லை. வருவார்கள், சத்தம் போடுவார்கள், லொறியை எடுத்துக்கொண்டு போவார்கள். ஜைனுதீன் ஒருவர்தான் உட்கார வந்தார். நோன்பு மாதத்தில்கூட வந்தார்; நாலு பணிஸையும் நோபர்ட்டின் கையில் கொடுத்துவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டே நோபர்ட் தின்பதை எதிரே இருந்து பார்த்தார். அந்த மனிதர் முதல் நாளே சொல்லியிருந்தார்: லொறி சரியான அன்றைக்கு அதிலேயே சாமான்களை ஏற்றிக்கொண்டு கிண்ணியாவுக்கு, மகள் அம்றா வீட்டுக்குப் போய்விடுவேன், பல்லேபொல வீட்டில் தனியே இருக்க ஏலாது என்று. அதைக் கேட்டபோது நோபர்ட் தலையை ஆட்டினார். தனியே இருக்க ஏலாதுதான்.

அதனால் வெள்ளிக்கிழமைகளில் லொறி நின்ற இடத்திலேயே ஓடியது. முன் டயருக்கு மரக்கட்டை கொடுத்துவிட்டு ஜைனுதீன் ஸ்டியரிங்குக்கு ஏறுவார், நோபர்ட் இடது பக்கம். ஸ்டார்ட் பண்ணி, பணிஸைக் கடித்துக்கொண்டு லக்கலைக்குப் போவார்கள். முப்பது வருசம் உரம் ஏற்றிப்போய் நெல் ஏற்றி வந்த பாதை ஜைனுதீனுக்கு மனப்பாடம். “இந்தா இரத்தோட்டை பஸ் ஸ்டாண்ட், மொள்ளப் போவோம்... இனி ஏத்தம்... மிஸ்டு எறங்குது பாஸ், கண்ணாடியத் தொடைங்க.” நோபர்ட் கண்ணாடியைத் துடைப்பார். மலையைத் தாண்டி இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு வரும்போது ஜைனுதீன் ஸ்டியரிங்கை ஒடிக்க, நோபர்ட்டின் வலது கால் தன்பாட்டில் தரையை அழுத்தும்.

“அந்தப் பக்கம் பிரேக் இல்ல பாஸ்.”

“இந்தப் பக்கம் மட்டும் இருக்கா?”

சிரிப்பார்கள். ஒரு நாள் யானை குறுக்கே நின்றதால் லக்கலை போய்ச் சேராமல் திரும்பினார்கள். அந்த யானையைக் குறுக்கே நிறுத்தியது நோபர்ட்தான். அப்படியென்றால் அடுத்த கிழமை மறுபடி போக வேண்டும் அல்லவா.

ஆனால் இந்தப் பதினேழாவது வெள்ளிக்கிழமை ஜைனுதீன் லொறியில் ஏறவில்லை. பணிஸ் பையைத் திறக்கவும் இல்லை. குடையை மடக்கி, மறுபடி விரித்து, மறுபடி மடக்கினார்.

“அம்றா கோல் எடுத்தா. மருமகன் தென்ன மரத்துல ஈந்து விழுந்துட்டாராம். இடுப்பு. ஆறு மாசத்துக்கு எழும்ப ஏலாதாம்.”

“ஏசுவே.”

“ரெண்டு சின்னப் புள்ளைகள். அங்க அறுவட வருது. நெல்லு ஏத்த லொறி ஒண்டு ஈந்தா அடுப்பு எரியும். நான் ஓட்டுவேன், எனக்கென்ன.”

நோபர்ட் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். நாக்கு பழக்கதோசத்தில் வேறு பக்கம் திரும்பிவிட்டது. “நாளைக்கு மொத பஸ்ல நானே கொழும்புக்குப் போயி அந்தச் சாமான—”

“கொழும்புக்கு எதுக்கு பாஸ்,” என்றார் ஜைனுதீன், குடையைப் பார்த்துக்கொண்டே. “அந்தோனியாருக்குக் கீழ ஈக்கிற பிஸ்கட் டின்ன எடுங்க.”

கராஜில் ரேடியோ மட்டும் ஏதோ விளம்பரம் பாடியது. நோபர்ட் கையிலிருந்த கிரீஸை, இல்லாத வேலையின் கிரீஸை, சாரத்தில் துடைத்தார். துடைத்த இடத்திலேயே மறுபடியும் துடைத்தார்.

“எப்ப பாத்தீங்க நானா?”

“பெருநாள் முடிஞ்ச மறு வெள்ளி. நீங்க பாண் வாங்கப் போனீங்க. டீக்கு ரெண்டு கரண்டி சீனி போடுவோம் எண்டு டின் மாறித் தொறந்துட்டேன். எனக்குத்தான் சீனி வருத்தமே, டொக்டர் ஒரு சொட்டும் வாணாம் எண்டவரு. களவா சீனி எடுக்கப் போன எடத்துல ஒங்கட களவு ஆப்புட்டிச்சி. அதச் சொன்னா என்ட களவையும் சொல்லணுமே.”

“அதுக்காகவா சொல்லாம இருந்தீங்க?”

ஜைனுதீன் பச்சை லொறியை ஏறிட்டுப் பார்த்தார். “லக்கலைக்குப் போய்க்கிட்டு ஈந்தோமே பாஸ்.”

நோபர்ட் டின்னை எடுத்தார். வளையங்களை மாட்ட ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. பதினேழு கிழமை இழுத்த வேலை ஒரு மணித்தியாலத்தில் முடிந்துபோனது பற்றி அவருக்கே கொஞ்சம் மானக்கேடாக இருந்தது. மிச்சம், குழாய்களில் அடைபட்ட காற்றை எடுப்பது. அது ஒரு ஆள் செய்கிற வேலையல்ல. மேலே ஒருவர் பெடலை அடித்து அடித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கீழே படுத்திருப்பவர் டயருக்குப் பின்னாலிருக்கும் ஆணியைத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டு, ஆணியை இறுக்கிய பிறகு, விடுங்க என்று குரல் கொடுக்க வேண்டும்.

“அடிங்க நானா.”

டக், டக், டக். “புடிச்சிட்டேன்.”

ஆணிக்குக் கீழே பிடித்த போத்தலுக்குள் எண்ணெயோடு குமிழிகள் கொப்பளித்தன. “விடுங்க.”

பின் டயர் இரண்டு, முன் இடது, பிறகு கடைசி டயர். முதலில் பெரிய குமிழிகள், பிறகு கடுகு போல, பிறகு எண்ணெய் மட்டும் கண்ணாடி மாதிரி வந்தது. நோபர்ட் ஆணியை இறுக்கினார். லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்து, தான் அடித்த கறுப்புப் பெயின்ட்டைப் பார்த்தார். ஒரு இடத்தில் பிரஷ் மயிர் ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. இதை யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தார். மேலே பெடலை அழுத்திக்கொண்டிருந்த ஜைனுதீனின் மூச்சு கேட்டது.

“புடிச்சிக்கிட்டு ஈக்கேன் பாஸ்.”

நோபர்ட் அந்தப் பிரஷ் மயிரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“பாஸ். கால் நடுங்குது. விடவா?”

எழுபத்தொரு வயதுக் கால். சீனி வருத்தக் கால். நோபர்ட் இருமினார். ஆணியை இன்னொரு தரம், தேவையில்லாமல், இறுக்கினார்.

“விடுங்க நானா,” என்றார்.

மறுநாள் காலை லொறி போனது. வாசலில் ஒரு முறை பிரேக் பிடித்துக் காட்டியது. இருந்த இடத்தில் அசையாமல் நின்றது, நோபர்ட்டின் வாழ்க்கையிலேயே மிகச் சரியான பிரேக். ஜைனுதீன் கை அசைத்தார். எதிர்வீட்டு நாய் எழும்பி நின்றது. முன் டயருக்குக் கொடுத்த மரக்கட்டையை எடுத்துப்போக இருவருக்குமே ஞாபகம் வரவில்லை.

பல்லேபொலவில் சாமான் ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருப்பார். பதினொரு மணிபோல நோபர்ட்டின் போன் அடித்தது.

“பாஸ், நாவுல தாண்டி ஓரமா நிப்பாட்டி ஈக்கேன். ஒரு சத்தம் வருது.”

“பிரேக்குலயா?”

“இல்ல, பிரேக் சோக்கா வேல செய்யுது. இது இன்ஜின் பக்கம். எப்பிடிச் சொல்ற எண்டு தெரியல. நீங்களே கேளுங்க.”

போன் இன்ஜினுக்குப் பக்கத்தில் போயிருக்க வேண்டும். நோபர்ட் ரேடியோவை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். ஒவ்வொரு நட்டாகத் தேடிக்கொண்டு போனார். பஸ் ஒன்று கடந்துபோனது. எங்கோ மயில் கத்தியது. இன்ஜின் ஒரே சீராக, ஒரு பிசிறும் இல்லாமல், நிறைந்த வயிற்றோடு தூங்குகிற குழந்தை மாதிரி ஓடியது. சத்தம் எதுவும் இல்லை.

“கேக்குதா பாஸ்?”

முன்னால் மேசையில் பிஸ்கட் டின் திறந்தபடி கிடந்தது. அடியில் நாலைந்து எறும்புகள், சீனி டின் என்று நம்பி வந்தவை.

“கேக்குது நானா.”

“என்ன சாமான் போடணும்?”

“இப்ப சொல்ல ஏலாது. போன அப்பிடியே புடிச்சிக்கிட்டு இருங்க.”

“புடிச்சிட்டேன்.”

லொறி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை காய்ந்து கறுத்திருந்தது. நோபர்ட் மரக்கட்டையைக் காலால் இழுத்துப் போட்டு, கறைக்கு இடது பக்கமாக, அதன்மேல் உட்கார்ந்தார். காதில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வலது கால் மெதுவாக, தன்பாட்டில், மண்ணை அழுத்தியது.